பூக்கல் சுவருக்குப் பச்சைப் பெயின்ட்

என் அண்ணன் சொக்கலிங்கம் பொய் சொல்கிறார். இன்று நேற்று ஆரம்பித்த பொய் இல்லை. எனக்குத் தலை நரைப்பதற்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் காரைக்குடியில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இலைக்காரரிடம் என்னைக் கையால் காட்டி, "இவதான் தன் கல்யாணத்தைத் தானே உரிச்சவ" என்றார். வரிசையே சிரித்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பிள்ளை ஒன்று, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சேர்ந்து சிரித்தது.

நான் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் சண்டை போடக் கூடாது. அதனால் இங்கே போடுகிறேன்.

இந்தத் தொடரில் இதுவரை மாடு, மழை, பள்ளிக்கூடம், நான் கிராமசேவிகா வேலைக்குப் போன கதை என்று எழுதினேன். படித்தவர்கள் இதமாக இருக்கிறது என்றார்கள். இந்த வாரம் இதமாக இருக்காது.

சுவரில் வைத்த கை

ஐப்பசி மாதம். காலையில் தூறி விட்டிருந்தது. அறுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம்.

நான் முன்னறை ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறேன். அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவை, இடுப்பில் குத்துகிறது. வெளியே வாசலில், எனக்குப் பார்த்த மாப்பிள்ளையின் அப்பா கால் கழுவுகிறார். எங்கள் வீட்டில் தண்ணீர் அண்டா வாசலுக்கு வலது பக்கம், முன்சுவரை ஒட்டி இருக்கும். வந்தவர்கள் அங்கேதான் கால் கழுவ வேண்டும். கனத்த ஆள் அவர். ஒரு காலைத் தூக்கினார். தடுமாறினார். பிடிமானத்துக்குச் சுவரில் உள்ளங்கையை ஊன்றினார்.

கை வழுக்கியது. கையோடு சேர்ந்து சுவரின் பச்சையும் வந்தது. வாழை மட்டையிலிருந்து நார் உரிவதைப் போல, ஒரு முழ நீளத்துக்கு, முழுசாக.

அவர் ஒரு காலில் நின்றபடி கையில் தொங்கிய பச்சைத் தோலைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். தோல் போன இடத்தில் நீலப் பூ ஒன்று ஈரத்தில் மின்னியது.

 அண்டாவின் விளிம்பில் இருந்த செம்பு உருண்டு கீழே விழுந்தது.

அந்த உரிந்த பச்சையைத்தான், நான் முதல் நாளே போய் சோடா போட்டுக் கழுவி இளக்கிவிட்டேன் என்று அண்ணன் இன்றுவரை சொல்கிறார். எனக்கு அந்த மாப்பிள்ளை பிடிக்கவில்லையாம். அதற்காகச் சுவரைக் கெடுத்தேனாம்.

நான் சுவரைத் தொடவில்லை. ஏன் உரிந்தது என்று சொல்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால் அந்தச் சுவர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அண்ணனுக்குப் பிடிக்காததும் அதுதான்.

யார் யார் வீட்டு மிச்சமோ

எங்கள் ஊர் நாச்சியாபுரத்துக்குப் பக்கம். நாங்கள் விவசாயக் குடும்பம். அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யா கல்யாணத்துக்கு முன்னால், வயலில் வேலை இல்லாத மாதங்களில் மாட்டு வண்டி ஓட்டினார்.

அப்போது சுற்றுப்பட்டு ஊர்களில் செட்டியார் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். காரைக்குடி ரயிலடியில் மரப்பெட்டிகள் வந்து இறங்கும். அவற்றுக்குள் வைக்கோல் சுற்றிச் சுவரில் பதிக்கிற கல் இருக்கும். பீங்கான் கிண்ணத்தைப் போலப் பளபளப்பு ஏற்றி, பூவும் கொடியும் போட்டது. ஜப்பானிலிருந்து வருவது. எங்கள் பக்கம் அதைப் பூக்கல் என்போம். அந்தப் பெட்டிகளை நெற்குப்பைக்கும் இளையாத்தங்குடிக்கும் இன்னும் எத்தனையோ ஊர்களுக்கும் ஏற்றிக்கொண்டு போனவர்களில் எங்கள் அய்யாவும் ஒருவர்.

வேலை முடிந்த வீட்டில் பின்கட்டில் மிச்சக் கல் கிடக்கும். மூலை உடைந்தது, பூ கோணலாக விழுந்தது, ஒரு வரிசைக்குப் போதாமல் நின்றுபோனது. அய்யா அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். வெட்கப்படாமல் கேட்பார். காலி வண்டி திரும்பி வரும்போது அது மாட்டுக்குப் பாரமா என்ன?

அப்படிச் சேர்த்து வைத்தார். எங்கள் மண் வீட்டை இடித்துச் செங்கல்லால் கட்டியபோது முன்சுவரில், தரையிலிருந்து ஜன்னல் அடிவரைக்கும், வாசலுக்கு இரண்டு பக்கமும் தன் கையாலேயே பதித்தார். கொத்தனார் பாதியில் கோபித்துக்கொண்டு போய்விட்டாராம். ஒரு கல்லோடு இன்னொரு கல் சேரவில்லை, பார்க்கிறவன் என்னைத்தான் திட்டுவான் என்றாராம்.

சேரத்தான் இல்லை. நீலப் பூவுக்குப் பக்கத்தில் பச்சை இலை. அதற்குப் பக்கத்தில் ரோஜா. ஒரு மயில், தலை இல்லாமல். தலை இருந்த கல் யார் வீட்டுச் சுவரில் இருக்கிறதோ. எனக்கு அது அழகு என்று சொல்ல வாய் வராது. பைத்தியக்காரன் தைத்த சட்டை மாதிரி இருக்கும்.

ஆனால் அய்யாவுக்கு ஒவ்வொரு கல்லும் எந்த ஊர் என்று தெரியும். சின்ன வயதில் நான் விரலை வைப்பேன். அவர் ஊர் சொல்வார். "இது இளையாத்தங்குடி. போற வழியில அச்சு முறிஞ்சு ஓடையிலயே கிடந்தேன்." "இது நெற்குப்பை. அந்த வீட்டு ஆச்சி மாட்டுக்குக் கழனித் தண்ணி ஊத்துனாக." விரலை நகர்த்தினால் வண்டியும் நகரும். நான் பூகோளம் படித்தது அந்தச் சுவரில்தான்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்

இன்னொரு விஷயம். இது எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குத்துவிளக்கு ஏற்றுவோம். விளக்கு குளிர்ந்ததும் அடியில் கொஞ்சம் நல்லெண்ணெய் தங்கும். சாமிக்கு எரிந்த எண்ணெய். அதைக் கீழே கொட்டக் கூடாது. தலைக்கும் தேய்க்கக் கூடாது, தாளிக்கவும் கூடாது. பின்னே அதை என்னதான் செய்வது? எங்கள் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய திரியையும் ஒரு துணியையும் அதில் நனைத்து, முன்சுவர்ப் பூக்கல்லைத் துடைத்துவிடுவார்.

கல் வெயிலிலும் மழையிலும் கிடந்து மேற்பளபளப்பில் தலைமுடி மாதிரி கோடு விட்டிருந்தது. கோட்டுக்குள் பாசி ஏறிக் கறுத்தது. அடி வரிசையில் உப்புப் பூத்தது. எண்ணெய் போட்டால் பாசி அடங்கும். கல் கொஞ்சம் முகம் தெளியும்.

அம்மா துடைத்தார். எனக்குக் கை எட்டியதும் நான் துடைத்தேன். சுவர் வருஷக்கணக்காக எண்ணெய் குடித்தது. கையை வைத்தால் விரல் வழுக்கும்.

எங்கள் வீட்டு ஆண்கள் அந்தச் சுவரைத் தினம் தாண்டிப் போனார்கள். அதை யார் துடைக்கிறார்கள், எதனால் துடைக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அண்ணனுக்கு வந்த அவமானம்

அண்ணன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஒருதலையாக எழுதினேன் என்பார்.

அவர் காரைக்குடியில் ஒரு அரிசி ஆலையில் பங்கு சேர்ந்திருந்தார். டெரிலின் சட்டை போட ஆரம்பித்திருந்தார். ஊரில் வசதி வந்தவர்கள் எல்லாம் எதற்காவது பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. கதவுக்கு, கம்பிக்கு, மாட்டுக் கொம்புக்குக்கூட.

ஒரு நாள் ஆலை விஷயமாக ஒரு கணக்கப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரிய வீடு ஒன்றில் கணக்கு எழுதியவர். வாசலில் நின்று சுவரை மேலும் கீழும் பார்த்தார். "எங்க வீட்டு மிச்சமெல்லாம் இங்குட்டுத்தான் வந்து சேந்துருக்கா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அய்யாவும் கூடச் சிரித்து, ஆமா, மூணாவது வரிசை உங்க வீட்டுதுதான் என்று கையை வைத்தே காட்டினார்.

அண்ணன் சிரிக்கவில்லை. அவர் காது சிவந்துபோனதை நான் பார்த்தேன். ஆலையில் அவரை முதுகுக்குப் பின்னால் வண்டிக்காரன் மகன் என்று சொல்கிறார்கள் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அது வலிக்கும். எனக்கும் வலித்திருக்கும். இல்லை என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நெற்குப்பையில் ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் வேலை. நல்ல குடும்பம். வெற்றிலை மாற்றுவதற்கு முன்னால் வீடு பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஆட்களில் அது வழக்கம். பெண்ணை அப்புறம் பார்ப்பார்கள். முதலில் வீட்டைப் பார்ப்பார்கள்.

அண்ணன் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார். முன்சுவர் முழுக்கப் பச்சை பெயின்ட்.

பெயின்டர் விரலை முகர்ந்தார்

அய்யா ஒரே ஒரு தடவை கேட்டார். பெயின்ட் எதற்கு, கல் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். பழசாகிவிட்டது, பாசி பிடித்துவிட்டது, சுவரில் ஈரம் இறங்குகிறது என்று அண்ணன் அடுக்கினார். அய்யா அதற்கு மேல் பேசவில்லை. சம்பாதிக்கிற பிள்ளையிடம் பேச்சைக் குறைத்துக்கொள்கிற வயது அவருக்கு வந்துவிட்டிருந்தது.

நான் பேசினேன். பழசைக் கும்பிடுகிற ஆள் இல்லை நான். மெய்யாகவே ஈரம் இறங்கியிருந்தால் நானே வாளியைத் தூக்கிப் பிடித்திருப்பேன். இறங்கவில்லை. உள்பக்கம் சுவரை ஒட்டித்தான் எங்கள் நெல் குதிர் இருந்தது. ஒரு மணி நெல் முளைத்ததில்லை.

"அண்ணே, அது எண்ணெய்ச் சுவரு. பெயின்ட் நிக்காது" என்றேன்.

"எண்ணெயா? சுவருக்கு எவனாச்சும் எண்ணெய் தேய்ப்பானா?"

"நாங்க தேய்க்கிறோம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "இவளுக்குப் படிப்பு ஏறி வாயும் ஏறிப்போச்சு. போற எடத்துல இதத் தாங்க மாட்டாக" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. சுவரைப் பற்றிய பேச்சு, என் வாயைப் பற்றிய பேச்சாகிவிட்டது.

காரைக்குடியிலிருந்து பெயின்டர் வந்தார். ஒல்லியான ஆள், பீடி வாசனை. சுவரில் விரலை ஓட்டினார். விரலை முகர்ந்து பார்த்தார். அண்ணனிடம் போய், வழுக்குது, சலவைச் சோடா போட்டுக் கழுவி, உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, ஒரு வாரம் காயவிட்டுத்தான் அடிக்கணும் என்றார். அண்ணனிடம் ஒரு வாரம் இல்லை. அவர்கள் வருகிற நாள் குறித்தாகிவிட்டது. மேகம் வேறு கட்டிக்கொண்டு நின்றது.

பெயின்டர் வாசலுக்கு இடது பக்கம் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கர்ரு கர்ரென்று அந்தச் சத்தம் எனக்குப் பல்லில் ஏறியது. அய்யா எழுந்து வயலுக்குப் போய்விட்டார். வலது பக்கத்துக்கு வருவதற்குள் அண்ணன் அவசரப்படுத்தினார். தேய்த்தது போதும், அடி என்றார்.

அடித்தார். முதல் பட்டை நீலப் பூ மேல் விழுந்தது. அடுத்தது மயில் மேல். தலைதான் இல்லை, இப்போது உடம்பும் போயிற்று. சாயங்காலத்துக்குள் எங்கள் வீடு கூட்டுறவு சங்கக் கட்டடம் மாதிரி ஆகிவிட்டது.

அண்ணன் தெருவில் போய் நின்று பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு தூறல். பெயின்ட் காயவில்லை. பிசுபிசுவென்றே நின்றது. வாசலில் போகிற யாரும் சுவரில் சாயக் கூடாது என்று அண்ணன் எங்கள் எல்லோருக்கும் உத்தரவு போட்டார். வருகிற விருந்தாளிக்கு எப்படி உத்தரவு போடுவது? அண்டாவை இடம் மாற்ற வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

அவர்கள் வருகிற அன்று காலையில் அண்ணன் அய்யாவிடம் போய், "நீக பின்னால படப்புப் பக்கம் இருங்க. நான் கூப்புடுறப்ப வந்தாப் போதும்" என்றார். அய்யாவின் தோளில் நுகத்தடி தூக்கித் தூக்கிக் காய்த்த தடிப்பு ஒன்று உண்டு. துண்டு போட்டாலும் மறையாது. அண்ணன் அதற்காகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அய்யா சரி என்று வைக்கோல் படப்புக்குப் போனார்.

கேட்டது ஒரு கேள்வி

இப்போது அந்தக் கைக்குத் திரும்புகிறேன்.

மாப்பிள்ளையின் அப்பா காலைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. கட்டை விரலால் இன்னும் கொஞ்சம் தள்ளினார். இன்னொரு கல் தெரிந்தது. சிரித்துவிட்டார்.

"நல்ல கல்லா இருக்கு. இதப் போயி ஏன்ப்பா மறைக்கிறீக? யாரு பதிச்சது?"

இதை வாசிக்கிறவர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அந்த மனுஷனுக்குக் கல் பிடித்திருந்தது. அவர் மட்டம் தட்டவில்லை. யார் பதித்தது என்று கேட்டார், அவ்வளவுதான்.

பேச்சுச் சத்தம் கேட்டு அய்யா படப்பிலிருந்து வந்துவிட்டார். கூப்பிடாமலே வந்தார். வீட்டு மூலையில் நின்றார். தலைமுடியில் வைக்கோல் துரும்பு. யார் பதித்தது என்ற வார்த்தை அவர் காதில் விழுந்துவிட்டது. அவர் முகம் மலர்ந்ததை ஜன்னல் கம்பி வழியாக நான் பார்த்தேன். கையைத் துண்டில் துடைத்தார். வாயைத் திறந்தார்.

அண்ணன் முந்திக்கொண்டார்.

"முந்தி இருந்தவுக பதிச்சது மாமா. இது நாங்க வாங்குன வீடு."

அய்யாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அதுவரை குடையை மடக்கிக்கொண்டிருந்தார். குடையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "வாங்குன வீடா? பூர்வீக வீடுன்னுல்ல சொல்லி விட்டீக."

எங்கள் ஆட்களிடம் இது சின்ன விஷயம் இல்லை. பூர்வீக வீடு என்றால் பங்காளி யார், குலசாமி எது என்று விசாரிக்க வழி இருக்கிறது. வாங்கிய வீடு என்றால், எங்கிருந்து வந்தீர்கள், சொந்த வீட்டை என்ன செய்தீர்கள் என்று கேள்வி கிளம்பும். பூர்வீகம் என்று சொல்லி அனுப்பியதும் அண்ணன்தான். ஒரே வீட்டுக்கு இரண்டு கதை சொல்லி, வாசலிலேயே மாட்டிக்கொண்டார்.

அந்த அம்மா அண்ணனை விட்டு அய்யாவைப் பார்த்தார். "ஏன்ணே, நீக சொல்லுங்க. இது வாங்குன வீடா?"

அய்யா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலை குனிந்து நின்றார். 

அய்யா இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தன் கையால் பதித்த சுவர். ஊரே சாட்சி. ஆனால் வந்தவர்கள் முன்னால் பெற்ற பிள்ளை பொய்யன் ஆகிவிடுவான்.

"ஆமா தாயி" என்றார் அய்யா. "வாங்குன வீடுதான்."

அந்த அம்மா விடவில்லை. "யார்ட்ட வாங்குனீக?"

அண்ணன், அவுக இப்ப ஊர்ல இல்லை என்று முனகினார்.

"ஊர்ல இல்லாட்டியும் பேருன்னு ஒண்ணு இருக்கும்ல?"

அண்ணன் குனிந்து, கீழே கிடந்த செம்பை எடுத்து அண்டா மேல் வைத்தார். அய்யா, உள்ளே வந்து தண்ணி குடிங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படப்புக்கே நடந்துபோனார்.

அவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பலகாரத்தைத் தொடவில்லை. காப்பி ஆறி மேலே ஆடை கட்டியது. மாப்பிள்ளை தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் எனக்கு இப்போது ஞாபகம் இல்லை, கடிகாரத்தின் பட்டை மட்டும் ஞாபகம் இருக்கிறது. இன்னொரு நாள் வாரோம் என்று எழுந்தார்கள். என்னை வெளியே கூப்பிடவே இல்லை.

இன்னொரு நாள் வரவில்லை.

யார் உரித்தது

வண்டி தெரு முனை திரும்புவதற்குள் அண்ணன் என்மேல் பாய்ந்தார். நீதான் உரிச்ச, பெயின்ட் வேணாம்னு நீதான ரெண்டு நாளாக் கத்துன என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. வாய் ஏறிப்போன எனக்கே வரவில்லை. அவர் கத்தியது தெருவுக்குக் கேட்டது. தெரு ஊருக்குச் சொன்னது. கல்யாணத்தைக் கெடுத்தவ என்ற பேர் எனக்கு விழுந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டு இடமும் அந்தப் பேரைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயின. நான் வேலைக்குப் போனதும், வெகுகாலம் கழித்து என் வீட்டுக்காரரை நானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டதும் அதற்குப் பிறகு நடந்தவை. அதில் எனக்குக் குறை இல்லை. பேர்தான் குறை.

உரித்தது எண்ணெய். வேறு யாரும் இல்லை.

சாட்சி வேண்டுமா? சாட்சி இன்னும் சுவரிலேயே இருக்கிறது. பெயின்டர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடது பக்கத்தில் பெயின்ட் நின்றது. தேய்க்காத வலது பக்கம் முழுவதும் உரிந்தது. நான் உரித்திருந்தால் தேய்த்த இடம் பார்த்தா விட்டுவைப்பேன்? இன்றைக்கும் போய்ப் பாருங்கள். இடது பக்கத்துக் கல் பளபளப்புச் செத்துப்போய், கோட்டுக்குக் கோடு பச்சை தங்கி நிற்கும். வலது பக்கத்துக் கல்லில் முகம் பார்க்கலாம்.

அடுத்த வாரம் அய்யா ஒரு சாக்கைப் போட்டுச் சுவர் முன்னால் உட்கார்ந்து மிச்சப் பச்சையை எடுத்தார். யாரிடமும் கேட்கவில்லை. நகத்தால் ஒரு ஓரத்தைத் தூக்கினால் பாதி தானாக வந்தது. மற்றதற்குத் தேங்காய் நார். அண்ணன் ஆலைக்குப் போகும்போது பார்த்தார். பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீலப் பூ வந்தது. இலை வந்தது. மயில் வந்தது. அவரைப் பேச வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சின்னப் பிள்ளையில் செய்த மாதிரி ஒரு கல்லில் விரலை வைத்தேன்.

"இது எந்த ஊரு அய்யா?"

அவர் என் விரலைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"தெரியாது ஆத்தா. முந்தி இருந்தவுக பதிச்சது."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நார் மட்டும் போய்ப் போய் வந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒரு கல்லுக்கும் ஊர் சொன்னதில்லை. எழுபதுகளில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள், பூச்சி மருந்து அடிக்க வருகிறவர்கள், யாராவது வாசலில் நின்று வீடு நல்லா இருக்கே பெரியவரே என்றால், வாங்குன வீடு என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொல்வார். அண்ணன் உள்ளே இருந்தால் அந்த வார்த்தை கேட்கும். கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். அய்யா சாகும்வரை இது நடந்தது.

அம்மா மட்டும் வெள்ளிக்கிழமை எண்ணெயை நிறுத்தவில்லை.

இப்போது சொல்கிற கதை

வீடு அண்ணன் பங்குக்குப் போயிற்று. அதில் எனக்கு வழக்கு இல்லை.

ஆனால் இப்போது பழைய வீடு பார்க்க வெளியூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எங்கள் சுவர் மாதிரி எங்கும் இல்லை என்று போட்டோ எடுக்கிறார்கள். போன வருஷம் நான் போயிருந்தபோது நாலு பேர் கேமராவோடு நின்றார்கள். அண்ணன் வெள்ளைச் சட்டையில் சுவருக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்: எங்க அய்யா சப்பான்லேருந்து கப்பல்ல வரவழைச்சாரு, ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு தினுசாக் கேட்டு வாங்குனாரு.

நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. திரும்பியவர் என்னைப் பார்த்தார். பேச்சு நின்றது. பிறகு, காப்பி சாப்பிட்டுப் போ என்றார். நான் சாப்பிடவில்லை.

அய்யா இருந்தபோது அவர் பதிக்கவில்லை என்றார். போன பிறகு கப்பலில் வரவழைத்தார் என்கிறார். வண்டி ஓட்டினார், கேட்டு வாங்கினார், தன் கையால் பதித்தார் என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. அதைச் சொன்னால், அன்று வாசலில் என்ன சொன்னோம் என்பதும் கூடவே வெளியே வந்துவிடும். அதனால்தான் நான் உரித்தவளாகவே இருக்க வேண்டியிருக்கிறது.

அண்ணே, நீங்கள் இந்தப் பத்திரிகை வாங்குவது எனக்குத் தெரியும். என்னிடம் தனியாக வந்து பேச வேண்டாம். ஆள் அனுப்பி, வயதாகிவிட்டது, விடு என்று சொல்ல வேண்டாம். பந்தியில் எல்லோரும் கேட்கத்தானே சொன்னீர்கள். பதிலையும் எல்லோரும் பார்க்க, இதே பத்திரிகையில், உங்கள் பேரைப் போட்டு எழுதுங்கள்.

நான் உரித்தேனா இல்லையா என்றுகூட நான் கேட்கவில்லை. அன்று அந்த நெற்குப்பை அம்மா வாசலில் நின்று கேட்டது அப்படியே கிடக்கிறது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

அந்த வீட்டை யாரிடம் வாங்கினீர்கள்?